கோட்டைக் கிணறும் செவலிக் குதிரையும்

அந்தக் காலத்தில் குதிரைகளுக்குப் பேச்சு வரும். அரைகுறைப் பேச்சு இல்லை. எதிரில் நிற்பவரைப் பார்த்து 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்றுகூட அவற்றுக்குத் தெரியும். தெற்குக் கடலில் இருந்த ஒரு தீவில் செவலி என்று ஒரு பெண் குதிரை வாழ்ந்தாள். அவளைப்போல இனிமையாகப் பேசுகிற குதிரை அந்தத் தீவிலேயே கிடையாது. அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

தீவைப் பார்க்கத் தோணி தோணியாக ஆட்கள் வருவார்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே என்று கேட்காதீர்கள். கடலைத் தாண்டி, வாந்தியும் எடுத்து வந்து இறங்கியவனுக்கு எதைக் காட்டினாலும் அதிசயம்தான். வடகரைப் பாறையில் ஒரு பெரிய பாதச்சுவடு. அதைத் தாண்டினால் வருஷா வருஷம் வளர்கிறது என்று சொல்லப்படும் ஒரு கல். பிறகு, யானை நான்கைச் சேர்த்துக் கட்டியதுபோல் ஊதிக் கிடக்கும் பெருக்கமரம். கடைசியில், யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாத இடிந்த கோட்டை. வந்தவர்களை அழைத்துப்போய் இவற்றையெல்லாம் காட்டிக் கதை சொல்வது செவலியின் வேலை. அந்த வேலையை அவள் தலையில் கட்டியவர் ஊர்த் தலைவரான விதானையார் இளையதம்பியர்.

தீவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோணியில் வந்தவர் எதைக் கேட்டாலும் 'ஏலாது' என்று சொல்லக்கூடாது. தோணி திரும்பிப் போகும்வரை வந்தவர் வாயில் வருவதுதான் சட்டம். "விருந்தோம்பலிலை எங்களை ஆர் வெல்லுறது?" என்று விதானையார் மார்தட்டுவார். நடந்து தேய்ந்தது அவருடைய கால் இல்லையே.

செவலி அலுத்துப் போயிருந்தாள். காலையில் சொன்ன கதையையே மத்தியானமும் சொல்ல வேண்டும். போன கிழமை கேட்ட கேள்வியையே இந்தக் கிழமையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். படுத்தால் கனவிலும் யாராவது வந்து, "இந்தப் பாதம் இடக்காலோ வலக்காலோ?" என்பார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளங்கள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தன. செவலிக்குப் பாலும் வற்றியது. அவளுடைய குட்டி துள்ளன் பேருக்குத்தான் துள்ளன். பெருக்கமரத்து நிழலில் கால் மடக்கிக் கிடந்தது. "அம்மா, விடாய்க்குது" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மாடுகளுக்கென்று தென்கரையில் வெட்டிய ஆழமில்லாத ஒரு துரவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒருநாள் காலையில் செவலி குட்டியை மூக்கால் தள்ளி எழுப்பி அங்கே கூட்டிப்போகப் புறப்பட்டாள். அந்த நேரம் பார்த்து விதானையார் வந்தார்.

"செவலி, ஆக்கள் வந்திருக்கினம். கெதியா வா."

"ஐயா, பிள்ளைக்குத் தண்ணி குடுத்திட்டு ஓடி வாறன். துரவிலை ஒரு சொட்டுத்தான் கிடக்கு. வெயில் ஏறினால் அதுவும் இராது."

"வந்தவையை வெயிலுக்கை நிக்க வைக்கிறதே? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். நட, நட."

'ஏலாது' என்ற சொல் செவலியின் நாக்கு நுனிவரை வந்தது. கட்டுப்பாடு அதை விழுங்க வைத்தது. குட்டியை மறுபடி நிழலில் படுக்கவிட்டு நடந்தாள்.

வந்தவள் தையல்நாயகி, பெருநிலத்து வணிகர் ஒருவரின் மனைவி. கெட்டவள் இல்லை, நேரம் நிறைய உள்ளவள். வளரும் கல்லுக்கு முன்னால் வந்ததும் குடையை மடக்கினாள்.

"இதுவோ வளருற கல்லு? வளரக் காணேல்லையே."

"வளரும் அம்மா. மெல்ல மெல்ல."

"எப்ப?"

"நீங்கள் போன பிறகு" என்றாள் செவலி. அலுப்பில் வந்த பேச்சு அது.

தையல்நாயகிக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப இருந்து பாத்திட்டுத்தான் போறது" என்று பாயை விரிக்கச் சொல்லி, கல்லுக்கு எதிரே உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் கட்டுச்சோறு அவிழ்த்தார்கள். வெற்றிலை போட்டார்கள். கல் வளர்ந்ததா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தது. செவலி நின்ற இடத்தில் நின்றாள். அவள் கண் மட்டும் தென்கரைப் பக்கமே இருந்தது.

தோணி போனதும் அவள் ஓடினாள். துரவில் சேறுதான் இருந்தது. அதிலும் வெடிப்பு விட்டிருந்தது. திரும்பி ஓடிவந்து பார்த்தால் துள்ளனுக்குத் தலை நிற்கவில்லை. பிடரியைப் பல்லால் கவ்வி, இழுத்தும் தள்ளியும் அவனைக் கோட்டைக்குள் கொண்டுபோனாள். அங்கே ஓர் ஆழக் கிணறு உண்டு. ஒரு காலத்தில் வற்றாமல் சுரந்த கிணறு. ஏனோ சில காலமாகத் தண்ணீர் மேலே வருவதில்லை. செவலி எட்டிப் பார்த்தாள். அடியில், ஊற்றுக்கண்ணை மறைத்தபடி ஒரு பெரிய ஆமை படுத்திருந்தது.

"ஆர் மேலை? கல்லெறியப் போறியோ, கத்தப் போறியோ?" என்றது ஆமை.

"ஆமையார், நான் செவலி. கொஞ்சம் விலகுங்கோ. பிள்ளை சாகக் கிடக்குது."

"நீ கூட்டிக்கொண்டு வாற ஆக்கள்தான் எட்டி எட்டிப் பாத்து, 'ஆர் உள்ளை?' எண்டு கத்துகினம். பேசாமல் இருந்தால் இன்னும் பலமாக் கத்துகினம். மறுமொழி சொன்னால் ஊரையே கூட்டி வருகினம். களைச்சுப் போனன் பிள்ளை. தண்ணி இல்லாத கிணத்தை ஆர் பாக்க வருவினம் எண்டுதான் ஊத்தை அடைச்சுப் படுத்திட்டன்."

"எனக்கும் அதே களைப்புத்தான் ஆமையார். ஆனால் குட்டிக்கு என்ன தெரியும்?"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "விலகுறன். எனக்குப் பதிலா மறுமொழி சொல்ல ஒரு குரல் வேணும். உன்ரை குரலைத் தா. பேசிப் பழகின குரல். நான் நித்திரை கொள்ளுறன்."

செவலி குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "துள்ளன்" என்று ஒருமுறை கூப்பிட்டாள். இனி அந்தப் பெயரைச் சொல்ல முடியாது என்று தெரிந்தே கூப்பிட்டாள். அவன் காதை மட்டும் அசைத்தான். பிறகு அவள் கிணற்றுக்குள் தலையைக் குனிந்து வாயைத் திறந்தாள். குரல் தொண்டையை விட்டு இறங்கிப்போய் ஈரக்கல்லில் ஒட்டிக்கொண்டது.

ஆமை விலகியது. ஊற்று திறந்து, தண்ணீர் கிணற்றின் விளிம்புவரை ஏறிவந்தது. துள்ளன் குடித்தான், மூச்சு விட்டான், மறுபடி குடித்தான். அவன் குடித்து முடிக்க, தண்ணீர் மெல்ல இறங்கி இருட்டுக்குள் நின்றது. உயிர் வந்த சந்தோஷத்தில், "அம்மா!" என்றான்.

"அம்மா" என்றது கிணறு, செவலியின் குரலில்.

குட்டி கிணற்றுக்குள் தலையை நீட்டித் தாயைத் தேடியது. "அம்மா, எங்கை நிக்கிறாய்?" என்று அழுதது. செவலி அதன் பின்னாலேயே நின்றாள். வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. குட்டியின் கழுத்தை மெல்லக் கடித்துத் தன் பக்கம் இழுத்து, அது அடங்கும்வரை நக்கிக்கொண்டே நின்றாள்.

அடுத்த தோணி வந்தபோது விதானையார் கூப்பிட்டார். செவலி அவரைப் பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டு குட்டியோடு பனைகள் அடர்ந்த கூடலுக்குள் போய்விட்டாள். தாயிடம் இனிக் கேட்க முடியாத பேச்சைத் துள்ளனும் மறந்துபோனான். மற்றக் குதிரைகள் பார்த்தன. பேசினால்தானே வேலை தருவார்கள் என்று அவையும் வாயை மூடிக்கொண்டன. விதானையாருக்கு இதில் நட்டமில்லை. வந்தவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "கூப்பிட்டுப் பாருங்கோ" என்றார். அந்தக் குரலுக்குப் புல்லும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அன்று முதல்தான் குதிரை ஆட்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போகிறது. ஆமை எதற்கும் வாய் திறப்பதில்லை. ஆழக் கிணற்றில் கூப்பிட்டால் மறுகுரல் வருகிறது. நாம் எவ்வளவு நீளமாகக் கேட்டாலும் அது கடைசிச் சொல்லை மட்டும்தான் திருப்பிச் சொல்லும், அதற்குமேல் பேச அந்தக் குரலில் தெம்பில்லை.