எறும்புக்குச் சீனித்தண்ணி காய்ச்சிய மச்சினன்மார்

கூவைக்குளத்துக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கலாம்தான். தேடிப் பார்த்தாயிற்று, அகப்படவில்லை. மழை வந்தால் குளம் நனைந்துவிடுமே என்று பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் அது. தெரிந்தே அந்த ஊரில் பெண் எடுத்தவன் மாட்டுத் தரகன் கொம்பையா.

கொம்பையா பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. மாடு உதைத்து முன்பல் போய், யாவாரிகள் ஏய்த்துக் கைமுதல் போய், அடி வாங்கி அடி வாங்கியே தொழில் படித்தவன். விலை பேசத் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தான் என்றால் எதிராளிக்கு வேர்த்துவிடும். விலையைக் கேட்டதும் தலையை இடமும் வலமுமாக ஒரு ஆட்டு ஆட்டுவான். அந்தத் தலையாட்டலுக்கே பாதி விலை இறங்கிவிடும். கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

அவனுக்கு இருந்த ஒரே குறை, சந்தையில் நிழல் இல்லை. மைதானத்தில் நிற்பது ஒற்றை வாகை மரம். அதன் அடியில் எந்தத் தரகன் நிற்கலாம் என்று சொல்கிறவர் சந்தைக் குத்தகைக்காரர் ஆவுடையப்பர். வெயிலில் நின்று நின்று கொம்பையாவின் மண்டை, தண்ணீர் வற்றிய வயல்போல வெடிப்பு விட்டிருந்தது.

ஆவுடையப்பர் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எறும்பு வளர்க்க ஆரம்பித்தவர். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கட்டெறும்புக் கூட்டம், நடுவில் முட்டையிடும் ராணி. ராணிக்கு மகராசி என்று பேர். பேத்திக்கு வெளியூரில் காதுகுத்து வந்தபோது அவர் பெட்டியைக் கொம்பையாவிடம் கொடுத்தார்.

"நான் திரும்பி வரும்போது மகராசி உசுரோட இருந்தா வாகை மர நிழல் உனக்கு. இல்லன்னா சந்தைப் பக்கமே நீ தலைகாட்டக் கூடாது."

"சாப்பாடு என்னங்கய்யா?"

"சீனிய வெந்நில கரைச்சு, ஆற வச்சு, பஞ்சுல நனைச்சு வை. அந்தத் தண்ணிக்குள்ள எறும்பு விழுந்து செத்துராமப் பாத்துக்கோ. அவ்வளவுதான்."

எறும்பின் அருமை தெரிந்த ஆள் ஒருவனை வைத்திருக்கலாம். கொம்பையா அப்படிச் செய்தால் அவன் கொம்பையா இல்லையே. தாய்வீடு போயிருந்த அவன் மனைவி, வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்று தன் தம்பிமார் மூவரை அனுப்பியிருந்தாள். மூத்தவன் பலவேசம், நடுவன் தளவாய், கடைக்குட்டி ஆதிமூலம். மூன்று பேருக்கும் மீசை நன்றாக வளர்ந்திருந்தது. மற்றபடி தலையில் வேறெதுவும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. 'சும்மா கிடைக்கிற ஆளை விட்டுவிட்டுக் கூலியாள் எதற்கு' என்று கணக்குப் போட்டான் கொம்பையா. ஆவுடையப்பர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மச்சினன்மாரிடம் ஒப்பித்துவிட்டுச் சந்தைக்குப் போனான்.

மத்தியானம் திரும்பினால் மூன்று பேரும் ஒரு சட்டியைச் சுற்றி எழவு வீட்டுக்காரர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அத்தான், வீட்டுல களவு போயிருச்சு," என்றான் பலவேசம்.

"என்னல போச்சு?"

"சீனி. மூணு பேரும் பாத்துட்டே இருக்கோம். வெந்நில போட்டோம். கரண்டியால ஒரு சுத்துச் சுத்தினோம். காணல."

"போடும்போது இருந்துச்சு, சத்தியமா," என்றான் ஆதிமூலம்.

தளவாய் தாடையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு யோசனை வரும்போது அப்படித்தான் செய்வான். "மறுபடியும் போட்டோம், அதுவும் போயிருச்சு. சீனி களவாங்குறது யாரு? எறும்பு. அதான் பெட்டிக்கிட்ட உக்காந்து நல்லவிதமா விசாரிச்சோம். ஒண்ணுகூட வாயத் தெறக்கல. பழகுன கள்ளன் அத்தான்."

கொம்பையாவுக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. "கரைஞ்சிருச்சுல, அறிவுகெட்டவங்களா. வாயில ஊத்திப் பாருங்க, தெரியும்."

பலவேசம் ஒரு வாய் ஊற்றிப் பார்த்து, "இருக்கு" என்றான். தளவாய் ஊற்றிப் பார்த்து, "ஆமா, இருக்கு" என்றான். ஒருவர் சாட்சி போதாதென்று சட்டி மூன்று தடவை சுற்றி வந்தது. கடைசியில் ஆதிமூலம் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப மறுபடியும் களவு போயிருச்சு அத்தான்," என்றான்.

மறுநாள் கொம்பையா சீனித்தண்ணியைத் தானே காய்ச்சி வைத்தான். "பஞ்சுல நனைச்சு வச்சிரணும், என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனான். வெயிலில் வதங்கி வந்து, அப்பாடா என்று படுத்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். தலையணையும் கூடவே எழுந்தது.

"பஞ்சு எங்கேன்னு தேடினோம் அத்தான். இதுக்குள்ளதான் இருந்துச்சு," என்றான் தளவாய். "பிரிச்சா அக்கா வைவா. அதான் பிரிக்காமலே முக்கிட்டோம்."

"முக்கினதப் பெட்டியில வைக்காம எதுக்குல கட்டில்ல வச்சிய?"

"பெட்டிக்குள்ள நுழையல. எடுத்த இடத்துல வச்சிட்டோம். ஒரு பொருள எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்ல."

தலைமுடியில் பாதி தலையணையோடு போயிற்று. மிச்சத்தின் மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கொம்பையா நகத்தளவு பஞ்சை நனைத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தான். இனி இவர்கள் கெடுப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்று நினைத்தான். கூவைக்குளத்தாரைப் பற்றி அப்படி நினைத்தவர்கள் யாரும் நன்றாக வாழ்ந்ததில்லை.

"பாத்துக்கிட்டா மட்டும் போதும். அதுல எறும்பு விழுந்துராம," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பார்த்துக்கொண்டார்கள். உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். சில நாளில் பெட்டிக்குள் எறும்புகள் இடுப்பொடிந்து நடந்தன. முற்றத்திலோ தெருவெறும்புகள் கொழுத்துப்போய்க் கருப்புக் கயிறாக ஊர்ந்தன. கொம்பையா குனிந்து பார்த்தான். பெட்டிக்குள் ஒரு தட்டு. தட்டு நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் கிண்ணம்.

"இது என்னல?"

"ஆத்தா சீனி டப்பாவ இப்பிடித்தான வைப்பா," என்றான் பலவேசம். "ஒரு எறும்பு அண்டாது."

"எறும்பு அண்டாம எறும்பு எப்பிடில சாப்பிடும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் தாடையைத் தடவினான். "அது சாப்பாட்டுக் காரியம் அத்தான். நீங்க எங்களுக்குக் குடுத்தது காவல் காரியம்."

"அப்படியும் ஒண்ணு ரெண்டு நீந்தி வந்து ஏறிருது," என்றான் ஆதிமூலம். "விடுவோமா? உடனே பூராத்தையும் முத்தத்துல கொட்டிட்டு வேற ஊத்திருவோம். எறும்பு மொய்ச்சத விருந்தாளிக்கு வைக்கலாமா?"

"விருந்தாளி யாருல?"

"எறும்பு."

கொம்பையா சுவரில் முட்டிக்கொள்ளலாமா, இவர்களை முட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு குரல் கேட்டது. ஆவுடையப்பர் ஊர் திரும்பிவிட்டாராம், பெட்டியை வாங்க நேரே இங்கேதான் வந்துகொண்டிருக்கிறாராம். வாகை மரம் கண்ணுக்கு முன்னால் வேரோடு சாய்ந்தது. வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"பாவிப் பயலுவளா, என் நிழலும் போச்சு, பொழப்பும் போச்சு. இனி எதுக்கு வச்சிருக்கிய? அந்தச் சீனித்தண்ணியவும் எறும்பையும் கொண்டாந்து என் தலையில கொட்டுங்கல."

இத்தனை நாளில் அவன் சொன்னதிலேயே இதுதான் அவர்களுக்குத் தெளிவாக விளங்கியது.

"எத மொதல்ல கொட்டணும்?" என்றான் ஆதிமூலம்.

"சீனித்தண்ணியத்தான அத்தான் மொதல்ல சொன்னாரு," என்றான் பலவேசம்.

"ஆறிட்டான்னு பாத்துக்கோ," என்றான் தளவாய். "பிறகு சுட்டுட்டுன்னு நம்மளத்தான் வைவாரு."

ஆறியிருந்தது. கொட்டினார்கள். கொம்பையா திடுக்கிட்டுக் கண் திறக்குமுன் கண்ணாடிப் பெட்டியும் தலையில் கவிழ்ந்தது. அவன் துள்ளி எழுந்து தலைத்துண்டில் கையை வைக்கப் போனான்.

"அசையாத," என்றார் வாசலில் நின்ற ஆவுடையப்பர்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்த கூட்டம் துண்டில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். மூன்றாவது மடிப்பில் மகராசி இருந்தாள். பக்கத்தில் முட்டையும் இருந்தது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெட்டியில இருக்கையில என் பிள்ள இப்பிடி ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. கொம்பையா, இனி இதுதான் அவளுக்கு வீடு. எடுத்தா கூடு கலைஞ்சிரும்."

"அய்யா, இது என் தலை—"

"பேசாத. பேசினா கூடு ஆடுது." மச்சினன்மார் பக்கம் திரும்பினார். "வெயில் பட்டா மகராசி தாங்க மாட்டா. இவனப் பைய நடத்திக் கொண்டுபோய் வாகை மரத்துக்குக் கீழ நிறுத்துங்க."

இப்படியாகத்தானே கொம்பையாவுக்கு நிழல் கிடைத்தது. அடுத்த சந்தைக்கு ஊர் ஊராக யாவாரிகள் வந்து அவன் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். சந்தையில் தலையை ஆட்டாதவன் சம்மதித்தவன். கொம்பையாவால் தலையை ஆட்ட முடியாது. உச்சிப்பொழுதுக்குள் ஒற்றைக்கண் காளை ஒன்று, பல்லே இல்லாத பசு ஒன்று, நின்றுகொண்டே தூங்கும் எருமை ஒன்று என எல்லாம் அவன் தலையில் கட்டப்பட்டன. காதுக்குப் பின்னால் கட்டெறும்பு கடித்தது. சொறிய முடியவில்லை.

பொழுது தவறாமல் பலவேசம் ஏணியில் ஏறிக் கரண்டியால் சீனித்தண்ணி ஊற்றினான். தளவாய் ஏணியைப் பிடித்துக்கொண்டான். கீழே கொம்பையாவின் இரண்டு காலையும் ஒரு அண்டாத் தண்ணீருக்குள் நிற்க வைத்து, ஆதிமூலம் குத்தவைத்துக் காவல் இருந்தான். திடீரென்று தண்ணீருக்குள் விரலை விட்டு எதையோ சுண்டி எறிந்தான்.

"பயப்படாதிய அத்தான்," என்றான். "ஒரு எறும்பு உங்க மேல ஏறப் பாத்துச்சு. விரட்டிட்டேன்."