சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டி

"இந்தப் பாட்டுப் பெட்டியைக் கழட்டிடுங்க வாத்தியாரம்மா. இன்னைக்கே."

லாரியிலிருந்து இறங்கும் முன்பே அர்த்தனாரி சொல்லிவிட்டார்.

சபுரா நிமிரவில்லை. ஒரு ஹாரனைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த புழுதியை ஊதிக்கொண்டிருந்தாள்.

சங்ககிரிப் பட்டறை வரிசையில் லாரிகளுக்குப் பாட்டு செட்டும் வயரிங்கும் பார்க்கிறவள். முப்பத்தைந்து வயது. வேலை முடியும்வரை வண்டிக்காரரைச் சும்மா நிற்க விடமாட்டாள். டார்ச்சைப் பிடி, வயரைச் சீவு, இது எங்கே போகிறது சொல் என்று உயிரை எடுப்பாள். அதனால் வரிசைக்கே வாத்தியாரம்மா. ஐம்பத்தாறு வயது அர்த்தனாரி, லோடு கிடைக்காத நாட்களில் ஆறு வருஷமாக அவளிடம் பாடம் கேட்கிறவர்.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

"ஏனுங்ணா, பேஸ் பத்தலீங்களா?"

"பத்தாம என்னங்க. போதும்னு ஆயிருச்சு."

"வண்டியோட வந்த செட்டுல பாட்டுக் கேட்டா கொசு கத்தற மாதிரி இருக்குதுன்னு சொன்னது யாருங்க?"

"நாந்தான்."

"ஆம்ப்ளிஃபயர் வேணும், ஊஃபர் வேணும், நெஞ்சு அதிரோணும்னு நின்னது?"

"நாந்தான். கழட்டுங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க. கழட்டறேன்."

அர்த்தனாரி முன் டயரைப் பார்த்தார். டயரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பேட்டரி இறங்குதுங்க."

சபுரா மீட்டரை எடுத்துப் போய்ப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இறங்கலை."

"சீட்டுச் சாய மாட்டேங்குது."

அவள் கேபினுக்குள் ஏறிச் சீட்டைச் சாய்த்தாள். சமர்த்தாகச் சாய்ந்தது.

"அடுத்தது?"

அர்த்தனாரி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலையில மச்சான் மறுபடி வண்டிக்கு வர்றாருங்க."

சபுரா இறங்கி வந்தாள்.

"விரல் போச்சுதே, அவருங்களா?"

"அவருதான்."

அந்தக் கதை வரிசைக்கே தெரியும்.

குப்பண்ணன் அர்த்தனாரியின் மனைவிக்கு அண்ணன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வண்டியில் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் மற்றவர் பின்னால் போய் நிற்பார். கத்துவது கிடையாது. வண்டியின் உடம்பில் கையால் தட்டுவதுதான் பேச்சு. இரண்டு தட்டினால் வரலாம். ஒன்று தட்டினால் நில்.

நாற்பது நாளைக்கு முன்னால், ஓர் அரிசி ஆலைக் குடோனில், வண்டி நிற்கவில்லை. மூட்டை இறக்கும் மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் குப்பண்ணனின் வலது கை இருந்தது. இரண்டு விரல் போயிற்று.

"அவரு ரெண்டு தட்டுனாரு. நான் வந்தேன்."

அர்த்தனாரி இதை ஆஸ்பத்திரியில் சொன்னார். ஆலையில் சொன்னார். வீட்டில், குப்பண்ணனின் மனைவி சரசாளிடமும் சொன்னார். அவள் அன்றிலிருந்து, பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்கள் முன்னால் எல்லாம் புருஷனைக் கேட்டாள்: "ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா உனக்கு?"

குப்பண்ணன் எதிர்த்துப் பேசவில்லை.

"மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் கை தவறிருச்சு" என்றார்.

சபுரா கேட்டாள்: "அப்போ பாட்டு ஓடுச்சுங்களா?"

"எப்போ?"

"விரல் போறப்போ."

"லேசா."

"ஏறுங்கண்ணா."

அர்த்தனாரி ஏறினார்.

"அதே பாட்டு. அதே லேசு."

அவருடைய கை குமிழைத் திருகியது. நிற்க வேண்டிய இடம் கைக்குத் தெரிந்திருந்தது. பெட்டி சீட்டுக்குப் பின்னால் இருந்து அவர் முதுகுத்தண்டில் இடிக்க ஆரம்பித்தது. கண்ணாடி நடுங்கியது. பக்கத்துப் பட்டறையில் டிங்கர் அடித்துக்கொண்டிருந்தவரே சுத்தியலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பின்னாடி போறேன்" என்று சபுரா கத்தினாள். "எத்தனைன்னு சொல்லுங்க!"

அவர் காத்திருந்தார். முதுகுப் பக்கமிருந்து வந்தது. தொம். தொம்.

"ரெண்டு!"

பதில் இல்லை.

மறுபடியும் வந்தது.

"ரெண்டுங்க வாத்தியாரம்மா!"

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் சபுரா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்திருந்தாள்.

அவர் பாட்டை நிறுத்தினார்.

அவள் நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"புதுசாத் தெரியுதுங்களா?"

அர்த்தனாரி ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

புதுசாக இருந்திருந்தால் தேவலை. விரல் போன மூன்றாம் நாள், ஆத்தூர் ரோட்டில் தனியாக வரும்போது அவருக்கு இரண்டு தட்டுக் கேட்டது. ஆள் இல்லாத வண்டியில் யார் தட்டுவது? ஓரம் கட்டினார். இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்தார். புளியமரமும் இவரும்தான். ஏறிப் பாட்டை நிறுத்தினார், தட்டு நின்றது. போட்டார், தட்டியது. அங்கேயே தெரிந்துவிட்டது. குப்பண்ணன் நில் என்று ஒன்றுதான் தட்டியிருக்கிறார். அதோடு இன்னொன்றைப் பெட்டி சேர்த்துத் தட்டியிருக்கிறது.

அதன்பிறகு இவர் பாட்டே போடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"மூணாம் நாளே தெரியுமுங்க" என்றார்.

"இப்போ கழட்டி?"

"மச்சான் ஏறும்போது கண்ணுல படக்கூடாதுங்க."

"பட்டா?"

"அவருக்கும் வெளங்கீரும்."

"வெளங்குனா?"

அர்த்தனாரி கீழே இறங்கினார். இறங்கி எங்கே போவது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அவரு வீட்டுல தகரக் கதவுல தட்டித் தட்டிப் பழகறாராமுங்க. இடது கையில. என்ற சம்சாரம் பாத்துட்டு வந்து சொன்னா. இனிமேத் தப்பு வராது, மாப்ளகிட்டச் சொல்லுன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சபுரா அவரைத் தேற்றவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எப்படிங்க போய்ச் சொல்றது வாத்தியாரம்மா? ஒரு வழி காட்டுங்க."

சபுரா ஹாரனைப் பெஞ்சுமேல் வைத்தாள். கையைப் பழந்துணியில் துடைத்தாள். காலை பதினொரு மணிக்கு, மூன்று வண்டி வேலைக்குக் காத்திருக்க, ஷட்டரை இழுத்துச் சாத்தினாள். சுற்றி வந்து கேபினில் ஏறி, குப்பண்ணன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எடுங்க."

"எங்கேங்க?"

"மச்சான் வீட்டுக்கு."

"நீங்க எதுக்குங்க?"

"பெட்டியைச் சீட்டுக்குப் பின்னாடி வைக்கச் சொன்னது நீங்களா?"

"நீங்கதான் எடம் பாத்தீங்க."

"பின்னாடி நிக்கற ஆள் தட்டற சத்தமும் அங்கிருந்துதான் வரும். எனக்குத் தோணலை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறேன், இது தோணலை. அவருகிட்ட அதைச் சொல்லோணும். சொல்லிட்டு நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

"அப்போ நானு?"

"என்ற தப்பைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்."

பத்து கிலோமீட்டர். மூன்றாவது கியரிலேயே ஓட்டினார். வழியில் ஒரு சைக்கிள்காரர் அவரைத் தாண்டிப் போனார்.

குப்பண்ணன் வீட்டு முன்னால் எஞ்சினை அணைத்ததும் கேட்டது. தகரத்தில் ஒரு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று.

வலது கையில் கட்டோடு, பனியனும் வேட்டியுமாகக் குப்பண்ணன் மாட்டுக்கொட்டகைக் கதவின் முன் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்ள! நாளைக்குத்தானுங்களே? இப்போன்னாலும் நான் ரெடிதான். பாருங்க, எடது கையே நல்லாப் பேசுது."

சபுரா முதலில் இறங்கினாள்.

"அண்ணா, பாட்டுப் பெட்டியை வெக்கக்கூடாத எடத்துல வெச்சுட்டேன். அது என்ற தப்புங்க."

குப்பண்ணனுக்குப் புரியவில்லை. சிரித்தார்.

"பாட்டுப் பெட்டிக்கு என்னுங்க அம்மணி? நல்லாத்தானே பாடுது."

அவள் நகர்ந்து நின்றாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் அர்த்தனாரி நின்றிருந்தார். இனி மறைந்துகொள்ள முன்னால் ஆள் இல்லை.

செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

"மச்சான். நீங்க அன்னைக்கு ஒண்ணுதான் தட்டுனீங்க."

குப்பண்ணன் சிரிப்பை எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

"இன்னொண்ணு அந்தப் பெட்டிங்க. எனக்கு மூணாம் நாளே தெரியும்."

கொட்டகைக்குள் மாடு காலை மாற்றிவைத்தது. குப்பண்ணன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. நாற்பது நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"சரசா! வெளியே வா!"

ஈரக் கையோடு சரசாள் வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் எழுந்தன. அர்த்தனாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்போச் சொல்லுங்க மாப்ள" என்றார் குப்பண்ணன். "சத்தமா."