ஒச்சம்மா எழுதாத பெயர்

ஒச்சம்மாவுக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் எழுத்தாசை வந்தது. ஆற்றங்கரை மடத்துக் குருவுக்கோ அவள் மகள் வயதுதான். அதனாலென்ன, சாமி சாமிதான் என்று வேலையை முடித்ததும் சிலேட்டோடு போய் உட்கார்ந்துவிடுவாள்.

தன் பெயரை எழுதினாள். ஊர்ப் பெயரை எழுதினாள். "வீட்டுக்காரர் பேரு?" என்று குரு கேட்டதும் பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அது அவள் வாயில் வந்ததே இல்லை.

"எழுதுறதும் சொல்றதும் ஒண்ணா சாமி?"

"எழுதினாத்தானே தெரியும், தாயி."

"பயமா இருக்கு சாமி." அன்றைக்கு எழுந்து போய்விட்டாள்.

ஆற்றுத் திருவிழாவுக்குக் குருவோடு போனபோது, புருஷனையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பேர்கூட மறந்துபோச்சு. தன் பேர் காதில் விழுந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார், பாவம்.

தேங்காய் உடைக்கக் கையை விட்டாள். திரும்பினால் ஆளைக் காணோம். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விழுந்தடித்து, மேடையில் அறிவிப்புச் செய்யும் மைக்காரரிடம் ஓடினாள்.

"காணாமப்போனவர் பேரைச் சொல்லும்மா."

"பழனி மலையில நிக்கிற சாமி பேருங்க."

மைக்காரர் சட்டென்று பழனிச்சாமியை அழைத்துவிட்டார். மூன்று பழனிச்சாமிகள் வந்து நின்றார்கள். ஒருவரும் அவள் ஆள் இல்லை.

"அப்ப முருகனா? வேலுவா? விளையாடாதேம்மா, எனக்கு வேலை கிடக்கு."

அவள் குருவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க சாமி."

"எனக்கு எப்படித் தெரியும் தாயி? நீங்க எழுதவே இல்லையே."

எழுதி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எழுதாமல் அவர் ஆற்றுப் பக்கம் போய்விட்டால்? ஒச்சம்மா ஆற்றைப் பார்த்தாள். பிறகு மைக்காரரின் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, புருஷன் பெயர் அங்கிருந்த துண்டுக் காகிதத்தில் கோணல்மாணலாக இறங்கியது.

மைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தண்டபாணி... தண்டபாணி எங்கிருந்தாலும் மைக் மேடைக்கு வரவும்."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மைக்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

"என்னைய யாரு கூப்பிட்டது?"

வேட்டி முழங்கால்வரை நனைந்திருக்க, அவர்தான் நின்றுகொண்டிருந்தார். ஒச்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பிறகு பயந்தபடியே குருவைப் பார்த்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. நான் அவரு பேரைச் சொல்லிட்டேனா?"

"நீங்க வாயே திறக்கலையே, தாயி," என்றாள் குரு. "ஆனா, அவருக்குக் கேட்டுருச்சு."