பதில் வராத செய்திகள்

குருவுக்கு முப்பது வயது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், எங்கள் ஆபீசில் அப்படித்தான் இருந்தது.

கோவையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் அது. சீடர் தெய்வசிகாமணி, எங்கள் மேனேஜர். குரு ஃபிலோமினா. கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடச் சொல்லிக் கொடுக்க தலைமை அலுவலகம் அவரை மூன்று வாரத்துக்கு அனுப்பியிருந்தது. நான் பக்கத்து மேஜை. காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஸ்டோரில் இருக்கும் நூர்ஜகானின் ஒப்பந்தம் அந்தச் சனிக்கிழமையோடு முடிந்தது. தொடரலாமா நிறுத்தலாமா என்பது மேனேஜர் முடிவு. ஆனால் ஆபீஸ் சாட் குரூப்பை வைத்து ஒரு ரிப்போர்ட் போட்டு, அதை ஆதாரமாகக் காட்டச் சொல்லியிருந்தது மேலிடம்.

சிகாமணி சார் மூன்று மாதச் செய்திகளை மொத்தமாக டவுன்லோடு செய்து, எக்செல்லில் கொட்டி, ஆளுக்கு ஆள் மார்க் போட்டார். அனுப்பிய செய்திக்கு ஒரு மார்க். அதற்குப் பதில் வந்தால் இன்னும் ஒன்று. பதிலே வராவிட்டால் இரண்டு குறையும்.

முதலிடம் அவருக்கே. தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர். நாற்பது பேரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்புவோம். அனுப்பாமல் இந்த ஆபீசில் இருந்துவிட முடியுமா என்ன!

கடைசி இடம் நூர்ஜகானுக்கு.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே அவர் மேனேஜர் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், திங்கக்கிழமை நான் வரணுமா, வேண்டாமா? இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க. வேற எடம் பாக்கணும்."

"மத்தியானம் சொல்றேம்மா" என்றார் சார், முகத்தைப் பார்க்காமல்.

நூர்ஜகான் போனதும் ஃபிலோமினா பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மேடம், என்ற கணக்குல எங்கயாச்சும் தப்பு இருக்குதுங்களா? நல்ல புள்ளைங்க அது. ஆனா மார்க்கு மைனசுல போகுது."

"கூட்டல் கழித்தல் எல்லாம் சரியா இருக்கு சார்."

"அப்ப ரிப்போர்ட்டை அனுப்பிறட்டுங்களா?"

"அனுப்பலாம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. நூர்ஜகானுக்கு யாரும் பதில் போடாத ஒரு நாள்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கணீர் என்று ஆரம்பித்தார்.

"சூலூர் கல்யாண மண்டபம், மோட்டார் ஓடலை. யார் போறீங்க? நான் பல்லடத்துல மாட்டிக்கிட்டேன். சீல் போயிருச்சாம், ஸ்டாக் இருக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்களாம், மண்டபக்காரர் கத்தறார். அட யாராச்சும் பதில் சொல்லுங்கப்பா... இந்தக் கடைசி மெசேஜ் நான் போட்டதுங்க. இப்படியே இருபத்தேழு மெசேஜ். அப்புறம் நூர்ஜகான். 'சீல் மூணாவது ரேக்ல ஒண்ணு இருந்துச்சு. மெக்கானிக் மாணிக்கம் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன். பதினோரு மணிக்கு மண்டபத்துல இருப்பார்.'"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைங்க. அடுத்தது மறுநாள் காலைல. என்ற ரோஜாப்பூ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் முறைத்தார்.

"இன்னொரு நாள் படிங்க சார்."

இன்னொரு நாள் பேரிங் சண்டை. இரண்டு மெக்கானிக்குகள், ஆளுக்கொரு சைஸ், பத்தொன்பது செய்தி. நடுவில் ஒருத்தர் இன்னொருத்தரின் அனுபவத்தையே இழுத்துவிட்டார். பிறகு நூர்ஜகான். 'பழைய பில்லைப் பாத்தேன். ரெண்டு பேர் சொல்றதும் இல்லை, சைஸ் 6205. எடுத்து வெச்சிருக்கேன்.'

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லைங்க."

மூன்றாவது நாளைப் படிக்கும்போது சாரின் குரல் இறங்கிவிட்டது. நான்காவதை வாய்க்குள்ளேயே படித்தார்.

"போதுங்களா மேடம்?"

"உங்களுக்குப் போதுமா சார்?"

"அட ஆண்டவனே! இந்தப் புள்ளைக்குப் போய் மைனஸ் போட்டு வெச்சிருக்கனே" என்றார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மார்க் போட்ட பகுதியை முழுவதுமாக அழித்தார். அந்த நான்கு நாள் பேச்சையும் ஒரு வரி விடாமல் ரிப்போர்ட்டில் ஒட்டினார். கீழே, 'நூர்ஜகான் தொடர்கிறார்' என்று மட்டும் எழுதி அனுப்பினார். மத்தியானம்வரை காத்திருக்கவில்லை, தானே எழுந்து ஸ்டோருக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"திங்கக்கிழமை வந்துரு கண்ணு. அடுத்த வாரமும் வா. எல்லா வாரமும் வா."

"சரிங்க சார்" என்ற நூர்ஜகானுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் குரூப்பை மறுபடி திறந்தார்.

"இந்த குரூப்பை ஆரம்பிச்சதே நானுங்க மேடம். வர்ற மெசேஜ் ஒண்ணு விடாம படிக்கறவன். இது எப்படிங்க எனக்குத் தெரியாமப் போச்சு?"

ஃபிலோமினா சொன்னார்:

"அவங்க மெசேஜ் வந்ததும் போனைக் கீழ வெச்சுட்டு, நிம்மதியா டீ குடிக்கப் போயிருப்பீங்க சார்."