செவ்வந்தி மாலையும் காற்றுப் பெட்டியும்

குன்றக்குறிச்சி ராஜ்ஜியத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். அங்கே ராஜா உண்டு, கொலு மண்டபம் உண்டு, கட்டியம் கூறுகிறவர் உண்டு. வாசலில் ஒரு டர்போ காரும் உண்டு. இதெல்லாம் ஒரே காலத்தில் எப்படி என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் கிடையாது. கதை வேண்டும் என்பவர்கள் கூடவே வாருங்கள்.

ராஜா இளவேங்கைப் பூபதிக்கு அந்தக் கார் என்றால் உயிர். அதை வாங்கச் சொன்னவர் அவையின் விகடகவி அம்பலத்தாடி. காரோடு வந்த புத்தகத்தை அந்த ராஜ்ஜியத்திலேயே படித்த ஒரே மனிதரும் அவர்தான். அதனாலேயே தளபதி ருத்திரப்பருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

விஜயதசமிதோறும் பக்கத்து நாட்டு ராஜாவோடு மலையேறும் கார்ப் பந்தயம் நடக்கும். முதல் நாள் ஆயுதபூஜை. தளபதி முன்னின்று காருக்குப் பூஜை போட்டார். முன்பக்கம் முழுக்க மஞ்சள் பட்டுத் துணியைப் போர்த்தினார். அதன்மேல் மெத்தை கனத்துக்குச் செவ்வந்தி மாலை. விளக்குகள் இரண்டு மட்டும்தான் வெளியே தெரிந்தன.

மாலையில் ராஜா வெள்ளோட்டம் போனார். பாதி மலையில் கார் இழுக்க மாட்டேன் என்றது. பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரன், உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல், "ஓரமா ஓட்டுய்யா!" என்று அதட்டிவிட்டு முந்திப் போனான். ராஜா சிவந்த முகத்தோடு சபைக்குத் திரும்பினார்.

தளபதி இதற்காகவே காத்திருந்தார். "மகாராஜா, அம்பலத்தாடி நம்மை ஏமாற்றிவிட்டார்! காரின் மூக்குக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. இன்டர்கூலராம்! பூஜைக்கு முன்பே மெக்கானிக்கை வைத்துக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் காற்று!"

"காற்றுக்காகத்தானே மகாராஜா அந்தப் பெட்டி!" என்றார் அம்பலத்தாடி. "எரிபொருள் எரியக் காற்று வேண்டும். முன்னால் இருக்கும் குழாய் காற்றை உள்ளே இழுக்கும். டர்போ அதை அழுத்தித் திணிக்கும். அழுத்தினால் காற்று சூடாகிவிடும்."

"சூடானால் என்னவாம்?" என்று கேட்டார் ராஜா.

"திருவிழாக் கூட்டத்தை மண்டப வாசலில் நெருக்கித் தள்ளினால் என்ன ஆகும்? வேர்த்து விறுவிறுத்து, கையை அகட்டிக்கொண்டு நிற்பார்கள். நூறு பேர் கொள்ளும் இடத்தில் அறுபது பேருக்குக்கூட இடம் போதாது. சூடான காற்றும் அப்படித்தான் இடத்தை அடைக்கும். இன்டர்கூலர் ஒரு நிழல் பந்தல். வெளிக்காற்று அதன்மேல் வீச வீச, உள்ளே போகிற காற்று குளிர்ந்து அடக்கமாக உட்காரும். உள்ளே போகும் காற்று கூடினால் எரிவதும் கூடும், இழுவையும் கூடும்."

"பிறகு மாட்டுவண்டி எப்படி ஐயா முந்தியது?"

"மாலைதான் காரணம், மகாராஜா. அந்தப் பெட்டிக்கு வெளிக்காற்றே படவில்லை."

தளபதி துள்ளிக் குதித்தார். "பூஜை மாலையையே பழிக்கிறார்! மாலையால் பலம் கூடுமே தவிரக் குறையாது!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என் தாத்தாவின் குதிரையும் மாலையோடுதான் ஓடியது. பந்தயம் முடியும்வரை அந்த மாலை அங்கேயே இருக்கும். தொட்டவன் நாடு கடத்தப்படுவான். நாளைக்குக் கார் தோற்றால், அம்பலத்தாடி, உமக்கும் அதே கதிதான்!"

மாலையைத் தொட்டாலும் போச்சு, தொடாவிட்டாலும் போச்சு. குன்றக்குறிச்சியை விட்டால் அம்பலத்தாடிக்கு வேறு போக்கிடம் இல்லை. தவிர, அவருடைய வேடிக்கைப் பேச்சைப் பொறுத்துக்கொள்ள வேறெந்த ராஜாவும் தயாராக இருப்பார் என்று அவருக்கே தோன்றவில்லை.

மறுநாள் காலை மலையடிவாரத்தில், கோட்டைப் படிகளுக்கு முன்னால், ஊரே திரண்டிருந்தது. பக்கத்து ராஜா தன் காரின்மேல் சாய்ந்து நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அம்பலத்தாடி கைகட்டி முன்னால் வந்தார்.

"மகாராஜா, நன்றாக யோசித்தேன். தளபதியார் சொன்னதுதான் சரி, நான்தான் மடையன். ஆனால் மாலையின் பலத்தைக் காருக்கு மட்டும் கொடுத்தால் போதுமா? படை நடத்துகிற சிங்கத்துக்கு வேண்டாமா? காருக்குச் சாத்தியது போலவே அவருக்கும் சாத்துவோம். இந்தக் கோட்டைப் படிகளில் அவர் ஒருமுறை ஓடி ஏறட்டும். பக்கத்து ராஜா பார்த்து நடுங்கட்டும்!"

தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். அம்பலத்தாடி மஞ்சள் பட்டுத் துணியை எடுத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். அதன்மேல் செவ்வந்தி மாலையை நாலு சுற்றுச் சுற்றினார்.

"முகத்திலா?" என்று பூவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"காருக்கு எங்கே சாத்தினீர்கள், தளபதியாரே?"

தளபதி படிகளை நோக்கி ஓடினார். முதல் பத்துப் படிகள் சிங்கம்தான். இருபதாவது படியில் கால் பின்னியது. முப்பதாவது படியில் பொத்தென்று உட்கார்ந்தார், மாலையையும் பட்டையும் இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார். படியெல்லாம் பூ.

"பூஜை மாலையைப் பிய்த்தெறிந்தீரே! பலம் கூடவில்லையா?" என்று ராஜா கத்தினார்.

"பலமா... மகாராஜா... காற்று! கொஞ்சம் காற்று விடுங்கள்!"

அம்பலத்தாடி குனிந்து வணங்கினார். "இதைத்தான் மகாராஜா, நேற்று நடுமலையில் உங்கள் காரும் சொன்னது. பாவம், பிய்த்தெறிய அதற்குக் கை இல்லை."

ராஜா தளபதியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தானே போய் மாலையையும் பட்டையும் கழற்றினார். தொட்டவன் நாடு கடத்தப்படுவான் என்ற உத்தரவு நினைவுக்கு வந்ததும், "அது நேற்றைய உத்தரவு!" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சங்கு ஊதியது. டர்போ விசிலடித்தது. கார் மலைமேல் பாய்ந்தது. பக்கத்து ராஜா இரண்டு வளைவு பின்னால்தான் வந்து சேர்ந்தார்.

இறங்கி வந்த ராஜா, அம்பலத்தாடியை இறுகத் தழுவிக்கொண்டார். "இனி உம்மை இந்த நாட்டை விட்டு அசைக்க யாராலும் முடியாது! என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. பக்கத்து ராஜாதான் பாவம், மனம் நொந்து போகிறார். அடுத்த ஆயுதபூஜைக்கு அவர் காருக்கு நம் மரியாதையாக ஒரு மாலை அனுப்ப வேண்டும்."

"இவ்வளவுதானா? அனுப்பினால் போயிற்று!"

"அனுப்பினால் மட்டும் போதாது. நம் தளபதியார் நேரில் போய்த் தம் கையாலேயே சாத்த வேண்டும். அவரைப் போல நெருக்கமாகச் சாத்த வேறு ஆள் கிடையாது!"