பொம்மை ஆஸ்பத்திரி

சிஷ்யருக்கு அறுபது வயது. குருவுக்கு அதில் பாதிதான்.

சௌந்தரபாண்டி காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற கண்டக்டர். பேரனைக் கொஞ்ச வேண்டிய வயதில் கேமராவைக் கொஞ்சுகிறாரே என்று தெருவே சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டரில் படம் திருத்தச் சொல்லித்தரும் ரிஸ்வானாவை வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வகுப்பே கிடையாது. ஆனாலும் வந்து நின்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றாமல் அந்த அறைக்குள் யாரும் கால் வைப்பதில்லை. தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது. ரிஸ்வானா அவர் காலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர், உசரத்துல இருந்து எடுத்த படத்தைப் பொம்மை ஊர் மாதிரி ஆக்கலாம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"ஆஸ்பத்திரியை ஆக்க முடியுமா?"

"ஆக்கலாம். எதுக்கு?"

"சின்னதாத் தெரிஞ்சா பயமா இருக்காதுல்ல."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரச் சொன்னாள். "ஆக்கிப் பாருங்க."

படம் போன வாரம் எடுத்தது. அவர் மனைவி பாக்கியத்துக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவள் முன்னால் இறங்கிப்போக, இவர் நாலாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலில் நின்று வாசலைப் படம் பிடித்தார். அந்தப் பரிசோதனையின் முடிவு இன்று மாலை வருகிறது. "இன்னிக்கு வகுப்பு இருக்கு, விட முடியாது" என்று காலையில் கூசாமல் பொய் சொன்னார். "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தனியாக பஸ் ஏறினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மவுஸைப் பிடித்தார். படத்தின் குறுக்கே ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டார். அதற்கு மேலேயும் கீழேயும் மங்கலாக்கினார். நிறத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

ஆஸ்பத்திரி சுருங்கிப்போனது. ஆட்டோக்கள் தீப்பெட்டி அளவுக்கு வந்தன. ஆம்புலன்ஸைக் கையில் எடுத்துக் கொலுவில் வைக்கலாம் போலிருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கட்டடம் இதுதானா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. அப்பாடா என்று சாய்ந்தார்.

"பட்டையை எதுக்கு மேல வச்சீங்க?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

"வாசல்ல நிக்கிற பஸ்ஸுக்கு மேல."

"ஏன் பஸ்ஸு?"

"கை தானா அங்கதான் போச்சு டீச்சர். பழக்கதோஷம்."

"பஸ்ஸுக்குப் பின்னால நடைபாதையில நிக்கிறது யாரு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். சேலையின் கத்தரிப்பூ நிறக் கரையும் இரண்டு பாதங்களும் பளிச்சென்று தெரிந்தன. இடுப்புக்கு மேலே கரைந்து போயிருந்தது.

"எங்க வீட்ல" என்றார் மெதுவாக.

"முகத்தைக் காணோமே?"

"பட்டை அதுவரைக்கும்தான் எட்டுச்சு."

"ஒரே இடத்துல நிக்கிற ஆளுக்குக் காலு கிட்டக்கவும் முகம் தூரத்துலயுமா இருக்கும்? காலு எங்க நிக்குதோ, முகமும் அங்கதாண்ணே. மங்கலைத் துடைச்சு முகத்தை வெளிய எடுங்க."

அவர் மவுஸைத் தொடுவதற்குள் போன் அடித்தது. பாக்கியம்தான்.

"டோக்கன் வாங்கிட்டேன்" என்றாள். "கூட வந்திருக்கிறது யாருன்னு நர்ஸு கேட்டாங்க. வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பதறாதீங்க, வகுப்பை முடிச்சிட்டே வாங்க."

"ம்" என்றார்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அந்தச் சின்ன அறையில் அவள் சொன்னதெல்லாம் ரிஸ்வானாவுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னிக்குத்தான் ரிசல்ட்டு டீச்சர்."

திரையைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு இருக்கலாம்ல? அவ முகத்தைப் பாத்துக்கிட்டு அந்த டாக்டர் முன்னால என்னால உக்கார முடியாது."

"முகத்தைத் துடைங்கண்ணே" என்றாள் ரிஸ்வானா.

துடைத்தார். முதலில் தோள் வந்தது. பிறகு கழுத்து. வெயிலுக்கு நெற்றியில் வைத்த கை வந்தது. கடைசியில் கண் வந்தது. பாக்கியம் பஸ்ஸைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து, அத்தனை ஜன்னல்களில் அவர் நின்ற ஜன்னலைத் தேடிப் பிடித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்த அன்று பாவி மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை.

வெகு நேரம் அதையே பார்த்தார். கண் கலங்கிப் படமே மங்கியது.

"எல்லாம் பொம்மையாயிருச்சு டீச்சர். இவ மட்டும் ஆக மாட்டேங்கிறாளே."



மறுபடியும் மவுஸைப் பிடித்தார். பட்டையை நகர்த்தினார், திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். "நிறத்தைக் குறைக்கணுமோ? பட்டையை இன்னும் ஒடுக்கணுமோ? சொல்லுங்க டீச்சர், இன்னும் எதைத் திருத்தணும்?"

"படத்துல திருத்த ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் ரிஸ்வானா. "நீங்க வரும்போதே செருப்பைக் கழட்டல. காலு அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருச்சு. முகம்தான் இன்னும் இங்க இருக்கு."