கிருமி குமிழி விட்ட கதை

அந்தக் காலத்தில் கிருமிகளும் பேசின. காதை அருகில் கொண்டுபோனால் மனிதருக்கும் அவற்றின் பேச்சு கேட்கும். அப்போது கடலோரத்து உப்பளம் ஒன்றில் மாடத்தி என்றொருத்தி வேலை செய்துவந்தாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகள் சுடலிக்கு ஏழு வயது.

ஒரு நாள் உடைந்த சிப்பி ஒன்று சுடலியின் காலைக் கிழித்துவிட்டது. இரண்டே நாளில் பாதம் வீங்கிப் பளபளத்தது, உடம்பு கொதித்தது. மாடத்தி புண்ணருகே காதை வைத்தாள். உள்ளே ஒரே இரைச்சல்.

"யாரு உள்ள?"

"நாங்கதான் தாயி" என்றது ஒரு குரல். பொடிச்சி என்ற கிருமி அது. "பிள்ளைகுட்டியோட வந்திருக்கோம். இங்க நல்ல கதகதப்பா இருக்கு."

"எம் பிள்ளை செத்துருவா. போயிருங்க!"

"எங்க போகச் சொல்ற?" என்றது பொடிச்சி. இரைச்சல் இன்னும் கூடியது.

மாடத்தி ஓடினாள். பனங்காட்டில் அழுகிக் கிடந்த பழத்தின் மேல் பச்சையாகப் படர்ந்திருந்த பூசணத்தின் முன் மண்டியிட்டாள். கிருமிகளுக்கு ஆகாத சாறு பூசணத்திடம் இருப்பது ஊருக்கே தெரியும்.

"தாரேன்" என்றது பூசணம். "ஏழு நாள், காலையும் சாயங்காலமும் விடணும். நடுவுல ஒரு நாள் நிறுத்துனாலும் அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

முதல் நாள் சாறு பட்டதுமே புண்ணுக்குள் அலறல் எழுந்தது. கிருமிகள் வளர வளரத் தங்கள் உடம்பைச் சுற்றி மதில் கட்டிக்கொள்ளும். சாறு அந்த மதிலைக் கட்ட விடவில்லை. ஒவ்வொன்றாக வெடித்துச் செத்தன. நான்காம் நாள் சுடலிக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலை மாடத்தி சாற்றோடு உட்கார்ந்தபோது சுடலி காலை இழுத்துக்கொண்டாள். "எரியுதும்மா. இன்னைக்கு மட்டும் வேண்டாம்மா."

அதே நேரம் புண்ணுக்குள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. "தாயி, கொஞ்சம் பேருதான் மிஞ்சியிருக்கோம். ஒரே ஒரு நாள் விடு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கடல் சேத்துக்குப் போயிருறேன்."

மாடத்தியின் கை நின்றது. மகள் அழுவதைப் பார்த்தாள். வீக்கம் வற்றியிருந்த காலைப் பார்த்தாள். அதுவும் ஒரு தாய்தானே என்று தோன்றியது.

"நாளைக்கு விடியுறதுக்குள்ள போயிரணும்" என்று சொல்லிச் சாற்றை மூடி வைத்தாள்.

பொடிச்சி போகத்தான் நினைத்தது. ஆனால் மிஞ்சிய பிள்ளைகளால் நகர முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அதனிடம் ஒரு கத்திரி இருந்தது. சாற்றுத் துளியை நறுக்கிப் பாழாக்கும் கத்திரி. அதனால்தான் அது இதுவரை உயிரோடு இருந்தது. ஆனால் மதிலுக்குள் இருக்கும் கத்திரி அதை மட்டும்தான் காக்கும், பிள்ளைகளைக் காக்காது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் பொடிச்சி தன் தோலைத் தானே கிள்ளியது. வலியில் துடித்தது. கிள்ளிய தோலுக்குள் ஒரு கத்திரியையும், அதைச் செய்யும் விதத்தையும் வைத்து உருட்டி, குமிழியாக வெளியே விட்டது. பிறகு இன்னொன்று. அதன் பிறகு இன்னொன்று. குமிழியை வாங்கி விழுங்கிய பிள்ளைகளும் கற்றுக்கொண்டு தங்கள் தோலைக் கிள்ளின.

மறுநாள் மாடத்தி சாற்றை விட்டாள். அலறல் கேட்கவில்லை. குமிழிகள் முன்னால் வந்து சாற்றை ஏந்தி நறுக்கின. சாறு வெறும் தண்ணீராக வழிந்தது. மத்தியானத்துக்குள் கால் மறுபடி வீங்கியது.

"போறேன்னு சொன்னியே!" என்று கத்தினாள் மாடத்தி.

"போகத்தான் நினைச்சேன் தாயி" என்றது பொடிச்சி. "என் பிள்ளைகளால நடக்க முடியல."

மாடத்தி மறுபடி பூசணத்திடம் ஓடினாள். "நான் சொன்னேனே" என்றது பூசணம். கடைசியில் ஊரார் சேர்ந்து கத்தியைக் காய்ச்சி, அழுகிய இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். சுடலி பிழைத்தாள். ஆனால் புண்ணைக் கழுவிய தண்ணீரை மாடத்தி முற்றத்தில் ஊற்றியிருந்தாள்.

அடுத்த வீட்டில் அவளுடைய மதினி வெயிலாச்சியின் கைக்குழந்தை சளியில் இழுத்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சில் இருந்த கிருமி வேறு சாதி. உருண்டையாக இருக்கும், பெயர் குண்டன். அது பூசணத்தின் சாற்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அந்த முற்றத்தில் தவழ்ந்து, ஈரக் கையை வாயில் வைத்தது குழந்தை. கையோடு ஒரு குமிழியும் போயிற்று. குண்டன் அதை விழுங்கியது.

வெயிலாச்சி சாறு வாங்கி வந்து புகட்டினாள். மூச்சு இன்னும் வேகமாக இழுத்தது.

"இவனுக்கு இதுதானே மதினி முதல் மருந்து? ஏன் கேட்கல?" என்று அழுதாள்.

முற்றத்தில் ஊற்றிய தண்ணீர் மாடத்திக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பெண்களும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், அடுத்து ஏறுமா என்று இருவருக்கும் மூச்சு நின்றது. நான்காம் நாள் குழந்தை பாலுக்கு அழுதது. எப்படிப் பிழைத்தது என்று பூசணத்துக்கும் தெரியவில்லை. அடுத்த குழந்தை பிழைக்குமா என்பதும் அதற்குத் தெரியவில்லை.

அன்று முதல்தான் மருந்து மேலே பட்டதும் கிருமிகள் தோலைக் கிள்ளிக் குமிழி விடுகின்றன. முன்பின் தெரியாத கிருமியும் அதை வாங்கிக்கொள்கிறது. அன்று முதல்தான் மருந்தைக் கொடுத்து முடித்த பிறகும் தாய்மார்கள் பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுப்பதில்லை.